எந்த ஊரின் இருபத்தொன்றாம் நோன்பு

காலை ஆறு பதினேழு. மடிக்கணினியைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவை ஒரே செய்தியைச் சொன்ன இரண்டு குறிப்புகள். காது மருத்துவர் ஒருவர் இணையத்தில் நேரலையாகப் பேசியதைக் கேட்டு எழுதியவை. ஒன்றின் தலைப்பில் ‘நோன்பு 12’ என்று இருந்தது. மற்றதில் ‘நோன்பு 13’.

நேரலை ஒரு தடவைதான் நடந்தது. அதனால் இரண்டில் ஒரு தலைப்பு தவறாக இருக்க வேண்டும். செய்தித்தாளில் உதவி ஆசிரியராக இருந்த காலம் முழுவதும் இப்படி இரட்டைப் பிரதி வந்தால் நான் செய்தது ஒன்றுதான். நன்றாக எழுதப்பட்டதை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடுவேன். அன்றும் அழிப்பதற்குத்தான் போனேன். அழிக்கும் முன் யார் எழுதியது என்று பார்த்தேன். பன்னிரண்டு என்று போட்டது எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண். பதின்மூன்று என்று போட்டது சவூதியில் தமாம் நகரில் வேலை பார்க்கும் அவள் கணவர்.

அழிக்கவில்லை.

மாடியில் இருப்பவள் கீழக்கரைக்காரி. மகளின் பேச்சுப் பயிற்சிக்காக ராமநாதபுரம் வந்து எங்கள் மாடியை வாடகைக்கு எடுத்தாள். மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. செவிக்கருவி மாட்டினால் உரத்த சத்தம் கொஞ்சம் விழும், பேச்சு விழாது. அறுவைச் சிகிச்சை செய்து காதுக்குள் கருவி பொருத்தினால் பேச்சைக் கேட்க வழியிருக்கிறது என்று பயிற்சி மையத்தில் சொல்லியிருந்தார்கள். அரசுக் காப்பீட்டில் அதற்குச் செலவில்லை, ஆனால் வயது வரம்பு உண்டு. அந்த வரம்பைத் தொட மகளுக்கு நான்கு மாதம்தான் பாக்கி. தாண்டிவிட்டால் ஒரு வீட்டை விற்றுத்தான் செய்ய வேண்டும். விற்க அவர்களிடம் வீடு இல்லை.

சிகிச்சைக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவர் குழு மதுரையில் ஒரு மருத்துவமனையில் எப்போதாவது ஒரு நாள் கூடும். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று தொலைபேசியில் கேட்டால் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. “போர்டுல போடுவாங்கம்மா” என்றார்கள். பட்டியலில் பெயர் வந்த பிறகும் தடுப்பூசி, ஒப்புதல் என்று வாரங்கள் போகும். நான்கு மாதம் என்பது கேட்க நிறையத் தோன்றும். அவள் அதைக் கணக்குப் போட்டு எனக்குக் காட்டினாள். ஒரு கூட்டம் தவறினால் போதும், மீதம் ஒன்றும் நிற்காது.

நான் இதில் நுழைந்தது ஓர் ஆங்கிலப் பக்கத்தைப் படித்துச் சொல்லப்போய்த்தான். ஒரு மத்தியானம் கைப்பேசியோடு இறங்கி வந்தாள்.

“அக்கா, ஒரு வாரத்துக்கு முந்தி ஒரு பக்கம் பாத்தேன். இந்த ஆப்பரேசனுக்கு முந்தி என்னென்ன டெஸ்டு எடுக்கணும்னு அழகா வரிசையாப் போட்டிருந்தான். அதைத் தேடித் தாங்களேன். தேடித் தேடி லுஹர் தொழுகைக்குப் பாங்கே சொல்லிட்டாங்க.”

எங்கே சேமித்தாள் என்று கேட்டேன். வாட்ஸ்அப்பில் ‘காது’ என்று ஒரு குழு. அவளும் கணவரும் மட்டும் அதில் உறுப்பினர்கள். பார்த்தது, படித்தது, கேட்டது எல்லாவற்றையும் அந்தக் குழுவில் போட்டிருந்தாள். ஸ்கிரீன்ஷாட்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். நடுவில் மகளுக்கு எடுத்த பெருநாள் கவுன், மீன் விலை, சமோசா செய்முறை, கணவரின் அறை நண்பர் ஒருவரின் நிக்காஹ் அழைப்பு. இதே சிகிச்சை செய்த பிள்ளைகளின் பெற்றோர் பேசிய மலையாளக் காணொளிகள் நிறைய இருந்தன. அவற்றைக் கேட்டால் அவளுக்கு முக்கால்வாசி புரியும். தட்டெழுதப் பொறுமை இல்லாதபோது தானே குரலில் சொல்லிப் போட்டிருந்தாள். ஒரு குரல் பதிவில் அவள் பேசி முடிப்பதற்குள் குக்கர் விசில் மூன்று முறை அடித்தது.

வேண்டிய பதில்களெல்லாம் அவளிடம் இருந்தன. எடுக்கத்தான் முடியவில்லை.

நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒரே பத்தி பல பக்கங்களில் சொல் மாறாமல் இருந்தது. அதை அவளிடம் காட்டினேன்.

“ஆமாக்கா, பன்னெண்டு பேரு இதைச் சொல்றாங்க. அதனாலதான் நம்புனேன்.”

“ஒருத்தர் சொன்னதைப் பதினோரு பேர் அப்படியே எடுத்துப் போட்டிருக்காங்க.”

அவள் கைப்பேசியை வாங்கித் தானே மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். “அல்லாவே. அப்ப ஒரே ஆளையா பன்னெண்டு தடவ நம்புனேன்?” என்றாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. “எங்க மாமியா சொல்றதும் இப்படித்தாங்க்கா. ஊரே சொல்லுதும்பாக. போய்க் கேட்டா ஊருல ஒருத்தருதான் சொல்லியிருப்பாக, அதுவும் அவுகளே சொல்லிக் குடுத்ததாயிருக்கும்.”

அன்றைக்கே இருவரும் சேர்ந்து ஒரு பகிர்வுக் கோப்பு தொடங்கினோம். அவள், கணவர், நான் என மூன்று பேரும் அவரவர் கருவியிலிருந்து எழுதலாம். சில விதிகளை நான் சொன்னேன். வந்ததை அப்படியே அனுப்பக் கூடாது, படித்துவிட்டுச் சொந்த வார்த்தையில் சுருக்கி எழுத வேண்டும். அனுப்பினால் படித்தது போன்ற ஒரு திருப்தி வந்துவிடும், ஆனால் படித்திருக்க மாட்டோம். யார் சொன்னது என்று கட்டாயம் போட வேண்டும். பிறகு மூன்று பிரிவு: உறுதியானது, உறுதி செய்ய வேண்டியது, வதந்தி.

அவள் இந்தத் தலைப்புகளைப் பார்த்து முகம் சுளித்தாள். “இதெல்லாம் பேப்பர்காரவுக பாஷைக்கா. எனக்கு மறந்துபோயிரும்.” மறுநாள் காலையில் திறந்தபோது மூன்று பிரிவுக்கும் பெயர் மாறியிருந்தது. ஹலால். மக்ரூஹ். ஹராம். நடுவில் இருப்பது, செய்தால் குற்றமில்லை, செய்யாமல் இருப்பது நல்லது என்ற வகை என்று எனக்கு விளக்கினாள். “சந்தேகமா இருந்தா அங்கன போட்ருவோம். யாராச்சும் ஆலிம் வந்து சொல்ற வரைக்கும் தொடக் கூடாது.” ஆலிம் என்றால் மார்க்கம் படித்தவர்; இங்கே அவள் சொன்னது மருத்துவரை.

அதற்குப் பிறகு எனக்கும் அந்தப் பெயர்கள்தான் வசதியாக இருந்தன. காதில் எண்ணெய் விட்டு மூன்று மாதத்தில் கேட்க வைப்பதாகச் சொன்ன ஒருவரின் காணொளியை ஹராமில் போட்டபோது, வதந்தி என்ற சொல் தராத ஓர் உறுதி கிடைத்தது.

ஒரு விதியில் மட்டும் இழுபறி. செய்தி அலுவலகத்தில் எந்தச் செய்தியானாலும் தலையில் ஊரும் தேதியும் இருக்கும். ஊரும் தேதியும் இல்லாத துணுக்கை யாரும் தொட மாட்டார்கள். அதே போல் ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் போட வேண்டும் என்றேன்.

“ஊரு எதுக்குக்கா? நான் எங்கன போகப்போறேன், இங்கனதானே கெடக்கேன்.”

“சரி, தேதியாவது போடு.”

“இந்த மாசத்துல யாருக்குக்கா தேதி தெரியும்? நோன்பைத்தான் போடுவேன்.”

ரமலான் தொடங்கியிருந்தது. அவள் சொன்னது உண்மை. அந்த மாதத்தில் கீழக்கரையிலிருந்து தேதி என்ற ஒன்று விலகிவிடும். தையற்காரர் பதினைந்தாம் நோன்புக்குச் சட்டை தருவார். நகைக்கடைக்காரர் இருபதாம் நோன்புக்கு மேல் வரச் சொல்வார். காய்ச்சல் எப்போது வந்தது என்று மருத்துவர் கேட்டால் “ஏழாம் நோன்புல ஆரம்பிச்சது” என்பார்கள், மருத்துவர் உள்ளூர்க்காரராக இருந்தால் அவரும் அப்படியே எழுதிக்கொள்வார். நோன்பு எண்ணையே போடலாம் என்று ஒத்துக்கொண்டோம். வரிசை தெரிந்தால் போதும் எனக்கு.

கணவரின் குறிப்புகள் தந்தி மாதிரி இருக்கும். அவர் ஒரு மரச்சாமான் கிடங்கில் வேலை பார்க்கிறார். நோன்பு மாதத்தில் அங்கே வேலை நேரம் குறைவு. மத்தியான ஓய்வில் அரபி, ஆங்கிலப் பக்கங்களைப் படித்து மூன்று வரியில் எழுதிவிடுவார். மருத்துவமனையின் முன்பதிவையும் அவரே செய்திருந்தார். அதற்குக் கொடுத்த எண் அவருடைய பழைய இந்திய எண். ரகசிய எண், வங்கிச் செய்தி இவற்றுக்காக அந்தச் சிம்மை ஒரு பழைய கைப்பேசியில் போட்டு அறையில் வைத்திருந்தார். மருத்துவர் குழு கூடும் நாள் குறித்து அதில்தான் குறுஞ்செய்தி வந்தது. அவர் எங்கள் விதிப்படி அதை அப்படியே அனுப்பாமல், படித்து, சுருக்கி, கோப்பில் எழுதினார்:

‘நோன்பு 21. காலை 10 மணி. மதுரை. கேஸ் ஷீட், கேள்திறன் சோதனைத் தாள், ஸ்கேன், காப்பீட்டு அட்டை. பிள்ளையைப் பசியோடு கொண்டு போக வேண்டாம்.’

அவள் அதைப் பார்த்துவிட்டு இருபத்தொன்றாம் நோன்புக்கு வாடகைக் கார் சொல்லியிருந்தாள். நான் அந்த இரட்டைக் குறிப்பைப் பார்த்த காலையில் ராமநாதபுரத்தில் நோன்பு இருபது.

தமாமில் நம் ஊரைவிட ஒரு நாள் முன்னால் நோன்பு தொடங்கியிருந்தது. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அங்கே முதல் நோன்பு நடந்த நாளில் அவள் இங்கே மத்தியானச் சோற்றைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பி வெறுப்பேற்றினாள். அவர் பதிலுக்கு, “கடைசி நாள் நான் பிரியாணி படம் அனுப்புவேன், அன்னைக்கு நீ பட்டினி கெட” என்று எழுதினார். இருந்தும் அந்த ஒரு நாளைக் கோப்புக்குள் யாரும் கொண்டு வரவில்லை. இருவரும் நோன்பு எண்ணைப் போட்டார்கள். அவரவர் ஊரில் அது சரியான எண்.

நான் மதுரைக் குறிப்பின் மேல் சுட்டியை வைத்து மறுபடி பார்த்தேன். எழுதியவர் கணவர். எழுந்து மாடிக்குப் போனேன்.

விடியலுக்கு முன் சஹர் சாப்பிட்டு, சுபுஹு தொழுதுவிட்டுப் படுத்திருப்பாள். மூன்றாவது தட்டலில் கதவைத் திறந்தாள். தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டபடி, “என்னக்கா, தண்ணி மோட்டாரு ஓடுதா?” என்றாள்.

“தமாம்ல இன்னைக்கு எத்தனையாவது நோன்பு?”

“அவுக நமக்கு ஒரு நாள் முந்திலக்கா. இருபத்தொண்ணு.” சொல்லிவிட்டு நின்றாள். பிறகு உள்ளே திரும்பிச் சுவரைப் பார்த்தாள், அங்கே நாட்காட்டி எதுவும் இல்லை. “அக்கா, மதுரைக் குறிப்புல நோன்பு நம்பரை யாரு போட்டது?”

“அவர் போட்டது.”

கைப்பேசியை எடுத்தாள். அங்கே விடியவில்லை, சஹர் நேரம். உடனே எடுத்துவிட்டார். படத்தில் முதலில் ஒரு தட்டு தெரிந்தது, அப்புறம் அவர் முகம், வாயில் சோறு.

“மச்சான், மதுரைக்கு எந்த இருபத்தொண்ணு? ஒங்க இருபத்தொண்ணா, எங்க இருபத்தொண்ணா?”

“நோன்பு இருபத்தொண்ணும்மா. அதான் எழுதியிருக்கேன்ல.”

“அதேன் மச்சான், எந்த ஊரு நோன்பு?”

அவர் மெல்லுவதை நிறுத்தினார். படம் ஆடியது. எழுந்து ஓடுகிறார் என்று தெரிந்தது. ஏதோ இழுப்பறையைத் திறக்கும் சத்தம், யாரோ தூக்கத்தில் திட்டும் சத்தம். பழைய கைப்பேசி உயிர் பெறுவதற்கு நேரம் எடுத்தது. பிறகு தேதியைப் படித்தார். அன்றைய தேதி.

“இன்னைக்கா?” என்றாள்.

“இன்னைக்குத்தான். பத்து மணி.”

“ஏ மச்சான், தேதியைப் போட்டா கையி தேஞ்சா போகும்?”

“நீதானே எல்லாத்துக்கும் நோன்பைப் போடச் சொன்னே?”

“நான் இங்கன நோன்பைச் சொன்னேன், நீங்க அங்கன நோன்பைப் போட்டா?”

“நான் அங்கனதானே இருக்கேன்!” என்று அவர் கத்தினார். கத்திவிட்டு அவரே குரலைத் தாழ்த்தி, “அக்கா பக்கத்துல இருக்காகளா? அக்கா, இப்பக் கெளம்புனா போயிரலாமா?” என்று கேட்டார்.

போய்விடலாம் என்றேன். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். பரமக்குடி வரைக்கும்தான் லாரி நெரிசல்.

“சண்டையை நோன்பு தொறந்துட்டுப் போட்டுக்கலாம்” என்று அவள் தொடர்பைத் துண்டித்தாள்.

காரோட்டி திருப்புல்லாணிக்காரர். பேருந்து நிலையத்துப் பக்கம்தான் வண்டியோடு நிற்பார். நான் அழைத்ததும், “நாளைக்குத்தானக்கா? மறக்கலை, அஞ்சே முக்காலுக்கே வந்துருவேன்” என்றார்.

“இன்னைக்கு. இப்ப.”

“நாளைக்குன்னுல்ல சொன்னீக?”

“நாளைக்குன்னு நெனச்சது இன்னைக்காம். வாங்க.”

“வாரேங்க்கா” என்றார். வேறு கேள்வி கேட்கவில்லை. வந்து சேர்ந்தபோது சட்டைப் பொத்தானை வண்டியிலிருந்து இறங்கியபடிதான் போட்டார்.

ஏழு மணிக்குள் கிளம்பிவிட்டோம். தாள்கள் எல்லாம் ஒரு துணிக்கடைப் பைக்குள் ஏற்கெனவே இருந்தன. வண்டியில் ஏறியதும் நான் கணவரின் குறிப்பை வாசிக்க, அவள் பைக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாகத் தொட்டு “இருக்கு” என்றாள். மகள் வலது ஜன்னலோரம் உட்கார்ந்து இட்லி தின்றாள். பிள்ளையைப் பசியோடு கொண்டு போக வேண்டாம் என்ற வரியை மட்டும் வாசிக்கத் தேவைப்படவில்லை.

பரமக்குடிக்கு முன்னால் ஒரு தண்ணீர் லாரி எங்களை முந்திப் போனது. நீளமாக ஹாரன் அடித்தது. பிள்ளை உடனே வலது உள்ளங்கையைக் கண்ணாடியில் ஒட்ட வைத்தாள். லாரி போன பின்பும் சிறிது நேரம் கையை எடுக்கவில்லை. அம்மா அதைப் பார்த்துவிட்டுக் கைப்பேசியை எடுத்துக் கோப்பில் ஏதோ தட்டினாள்.

“என்ன எழுதுறே?”

“ஹாரனுக்குக் கண்ணாடியத் தொட்டாள்னு. எந்தச் சத்தத்துக்கு எப்படித் திரும்புறான்னு நான் தெனம் எழுதுவேங்க்கா. அதைத் தனியா வச்சிருக்கேன். இன்டர்நெட்ல வந்தது இல்லைல்ல, அதான் ஒங்க ஹலால், ஹராம் எதுலயும் சேக்கலை.”

அப்படி ஒரு பகுதி இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். கோப்பின் அடியில், எங்கள் மூன்று பிரிவுக்கும் கீழே, தலைப்பில்லாமல் நீண்டு கிடந்தது.

மானாமதுரை தாண்டியதும் காரோட்டி கண்ணாடியில் பார்த்து, “நோன்பா தங்கச்சி? பயணத்துல விடலாம்னு சொல்லுவாகளே” என்றார்.

“விடலாம். பெறகு ஒத்தையில ஒரு நாள் பிடிக்கணும். வீட்டுல எல்லாரும் திங்கிறதைப் பாத்துக்கிட்டே நோன்பு வைக்கிறது இதைவிடக் கஷ்டம்ணே.”

“அதுவுஞ் சரிதான். எங்க வீட்டுல சஷ்டிக்கு நான் மட்டும் விரதம். அவ அன்னைக்குன்னு பாத்துக் கறிக்கொழம்பு வைப்பா.”

மருத்துவமனை வாசலில் இறங்கியபோது பத்துக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. பதிவு மேசையில் இருந்தவர் பட்டியலில் விரலை ஓட்டி, பெயரைக் கண்டுபிடித்து, எதிரில் ஒரு சரி போட்டார். அவள் அந்தச் சரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் நின்றவர் “நகருங்கம்மா” என்றார்.

கூடம் நிறையப் பிள்ளைகள். பெரும்பாலும் சத்தம் இல்லாத கூடம். பெற்றோர்கள்தான் பேசினார்கள். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு விவசாயி, தன் மகனுக்கு இது இரண்டாவது முறை என்றார். முதல் முறை ஒரு சோதனைத் தாள் இல்லாமல் திரும்பிப் போயிருந்தார். அவரிடம் அவள் தன் பையைக் காட்டி என்னென்ன தாள் என்று சரிபார்த்துக்கொண்டாள்.

உள்ளே மூன்று மருத்துவர்கள். அவர்கள் எங்கள் கோப்பைப் பற்றிக் கேட்கவில்லை. தாள்களைப் பார்த்தார்கள், ஸ்கேனை விளக்கில் பிடித்தார்கள், பிள்ளையோடு மரக்கட்டைகளை வைத்து விளையாடினார்கள். அவள் கேட்க நினைத்து எழுதி வைத்திருந்தவற்றில் பாதிக்கு அவர்களே பதில் சொல்லி முடித்துவிட்டார்கள். பேச எவ்வளவு நாளாகும் என்று அவள் கேட்டாள். மூத்தவராகத் தெரிந்த பெண் மருத்துவர் நாள் கணக்குச் சொல்ல மறுத்தார். “மெஷின் கேக்க வைக்கும். பேச வைக்கிறது நீங்க. தினமும் உக்காரணும்” என்றார். பிறகு தாளை மூடி வைத்துவிட்டு, “ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. பொருத்துற காதுல இப்ப இயல்பாக் கேக்குற கொஞ்சநஞ்சமும் போயிடலாம். அதுக்கு நீங்க சம்மதிச்சாத்தான் அடுத்தது” என்றார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த வரி எங்கள் கோப்பில் இருந்தது. ஹராமில் இருந்தது. எண்ணெய் வைத்தியர் தன் காணொளியில், ஆப்பரேஷன் செய்தால் இப்போது கேட்கிற கொஞ்சமும் போய்விடும் என்று பயமுறுத்தியிருந்தார். அவர் சொன்ன மற்றதெல்லாம் பொய்யாக இருந்ததால் இதையும் அதே மூட்டையில் கட்டிவிட்டோம். யார் சொன்னது என்று பார்த்தோம், சொன்னதைத் தனியாக எடுத்துப் பார்க்கவில்லை.

அவள் மகளின் தலையில் கையை வைத்தாள். பிறகு, “ரெண்டு காதுலயுமா டாக்டரம்மா?” என்றாள்.

“இப்ப ஒரு காதுலதான்.”

“அப்ப எந்தக் காதுன்னு யாரு முடிவு பண்ணுவாக?”

“ஸ்கேன் சொல்லும், டெஸ்ட் சொல்லும். நீங்களும் சொல்லலாம். வீட்ல எந்தப் பக்கத்துச் சத்தத்துக்குத் திரும்புறா?”

அவள் கைப்பேசியை எடுத்தாள். கோப்பின் அடிக்குப் போனாள். அங்கிருந்து வாசித்தாள். குக்கர் விசில், இடது பக்கம் நின்றபோது திரும்பினாள், வலது பக்கம் நின்றபோது இல்லை. இரும்புக் கதவு, இடது. பக்கத்து வீட்டு நாய், திரும்பவில்லை. வாளி விழுந்தது, இடது. ‘உம்மா’ என்று காதுக்குப் பக்கத்தில் கத்தியது, இடது, ஒரே ஒரு தடவை, உறுதியில்லை. உறுதியில்லை என்று அவள் வாசித்தபோது மருத்துவர் தலையை நிமிர்த்தினார். இன்னும் கொஞ்சம் வாசிக்கச் சொன்னார். அவள் வாசிக்க வாசிக்க இளைய மருத்துவர் தாளின் ஓரத்தில் எழுதினார். இன்றைக்குக் காலையில் பரமக்குடிக்கு முன்னால் என்று தொடங்கிய கடைசி வரியையும் விடாமல் வாசித்தாள்.

“சம்மதமா?” என்றார் மருத்துவர்.

“அவுக வாப்பாட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்.”

வெளியே வந்து அழைத்தாள். அங்கே கிடங்கில் வேலை தொடங்கியிருந்தது. பலகை இறக்கும் சத்தத்துக்கு நடுவில் அவர் பேசினார். முழுவதையும் அவரிடம் சொன்னாள், எண்ணெய்க்காரர் சொன்னது உண்மை என்பதையும் சேர்த்து. அவர், “இப்ப அவளுக்கு என்ன கேக்குது, அதைச் சொல்லு” என்றார்.

“வாளி விழுந்தாக் கேக்குது மச்சான். என் பேச்சு கேக்கலை.”

“அப்ப என்னத்தை இழக்கப்போறோம்?”

“வாளிச் சத்தத்தை.”

அவர் “பிஸ்மில்லாஹ்” என்றார். அவள் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று மணிக்குப் பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். கூட்டத்தில் அவளால் பக்கத்தில் போக முடியவில்லை. சிவகங்கை விவசாயி எட்டிப் பார்த்துவிட்டு இரண்டு விரலைக் காட்டினார், தன் மகனுக்கு ஒன்று, இவளுக்கு ஒன்று. அவள் அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மகள் அவள் மடியில் ஏறிப் பையிலிருந்த ஸ்கேன் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், மருத்துவர் செய்ததைப் போலவே.

திரும்பும் வழியில் காரில் அவள் எண்ணெய்க்காரரின் வரியை ஹராமிலிருந்து வெட்டி ஹலாலில் ஒட்டினாள். சொன்னவர் என்ற இடத்தில் அவர் பெயரை அழித்துவிட்டு மருத்துவரைப் போட்டாள். பிறகு அதையும் அழித்துவிட்டு இரண்டு பேரையும் போட்டாள்.

“அந்தாளு பேரு இருக்கட்டும்க்கா. மொதல்ல சொன்னவன் அவன்தானே.”

“காதுல எண்ணெய் விட மாட்டியே?”

“விட்டா அவன் காதுலதான் விடுவேன்” என்றாள்.

காரோட்டி சிரித்ததில் வண்டி ஒரு நொடி ஆடியது.

பெருநாள் கழிந்து தடுப்பூசிகள் போட்டார்கள். ஒப்புதல் வந்தது. வயது வரம்புக்கு முன்பே அறுவைச் சிகிச்சை நடந்தது. வலது காதில் பொருத்தினார்கள். வாளிச் சத்தம் இடது காதோடு மிஞ்சியது.